ஜெயித்த பிறகு வரும் கோடை

ஒரு அணி தேறிவிட்டதா இல்லையா என்பதை அது ஜெயித்த பருவத்தை வைத்து நான் முடிவு செய்வதில்லை. பருவம் முடிந்து, ஆட்டமே இல்லாத கோடை மாதங்களில் நிர்வாகம் யாரை வாங்குகிறது, யாரை விடுகிறது, எந்த ஆசைக்கு இடம் கொடுக்காமல் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வரும். இந்தப் பழக்கத்தை உண்டாக்கியது டென்வர் நகரத்தின் ஐஸ் ஹாக்கி அணியான கொலராடோ அவலாஞ்ச். நான்கே ஆண்டு இடைவெளியில் அந்த அணி இரண்டு முறை பட்டியலின் அடியிலிருந்து எழுந்தது. முதல் எழுச்சியை அடுத்து வந்த கோடையே கெடுத்துவிட்டது. இரண்டாவது எழுச்சி ஸ்டான்லி கோப்பை வரை போனது. இரண்டு முறையும் பொறுப்பில் இருந்தவர் ஒருவரே.

ஐஸ் ஹாக்கி பார்த்திராதவர்களுக்குச் சில வரிகள். வட அமெரிக்காவின் என்எச்எல் லீகில், நான் சொல்லப்போகும் ஆண்டுகளில், ஒவ்வோர் அணியும் வழக்கமாக அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 82 ஆட்டங்கள் ஆடியது. வென்றால் 2 புள்ளி. ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ தோற்றால் 1 புள்ளி. 95 புள்ளியைத் தொட்டால் பெரும்பாலும் பிளே-ஆஃப் வாசலை அடைந்துவிடலாம். பிளே-ஆஃப் என்பது லீகின் ஸ்டான்லி கோப்பைக்கான வெளியேற்றச் சுற்றுகள்; ஒவ்வொரு சுற்றிலும் முதலில் நான்கு ஆட்டம் வெல்பவர் மேலே போவார். 2005 முதல் சம்பள உச்சவரம்பு நடைமுறையில் இருக்கிறது. எவ்வளவு பணக்கார முதலாளியானாலும் இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது. அதனால் வயதான நட்சத்திரம் ஒருவருக்கு எழுதிக்கொடுக்கும் நீண்ட ஒப்பந்தம், நாளை வளரப்போகும் இளைஞனுக்குச் சேர வேண்டிய தொகையைத் தின்றுவிடும். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் ஜூன் மாத டிராஃப்டில் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். கடைசியில் முடித்தவர்களுக்கு முன்வரிசை. ஆனால் முதல் சில இடங்கள் யாருக்கு என்பதை லாட்டரி தீர்மானிக்கும்.

2016-17 பருவத்தில் வேலை நிமித்தம் நான் டென்வரில் இருந்தேன். அப்போது பெப்சி சென்டர் என்று அழைக்கப்பட்ட அரங்கின் பக்கத்திலேயே லைட் ரயில் நிற்கும். அலுவலகம் முடிந்து நேராக அங்கே போய்விடலாம். அந்தக் குளிர்காலத்தில் பார்த்த ஆட்டங்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது மேல்தள இருக்கைகளின் வெறுமைதான். அணி தோற்பது பழகிவிட்டது. முதல் கோலை எதிரணி அடித்ததுமே அரங்கில் ஒரு பேச்சற்ற தளர்ச்சி பரவும். அந்த டிசம்பரில் மான்ட்ரியலில் 10-1 என்று தோற்றார்கள். பருவம் முடிந்தபோது கணக்கு இப்படி இருந்தது: 22 வெற்றி, 56 தோல்வி, ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ தோற்றவை 4. மொத்தம் 48 புள்ளி. சம்பள உச்சவரம்பு வந்ததற்குப் பிறகு 82 ஆட்டங்கள் ஆடிய எந்த அணியும் அதுவரை அவ்வளவு கீழே போனதில்லை.

என் அப்பா கோவில்பட்டிக்காரர். அவருக்கு ஹாக்கி என்றால் வெயிலும் மைதானமும்தான். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது ஒருமுறை, "தோற்றுக்கொண்டே இருக்கிற அணியை எதற்கப்பா காசு கொடுத்துப் போய்ப் பார்க்கிறாய்?" என்று கேட்டார். "அந்த இருபத்தொன்பதாம் நம்பர் பையன் ஓடுகிறதைப் பார்க்கத்தான் போகிறேன் அப்பா" என்றேன். நேதன் மெக்கின்னனைத்தான் சொன்னேன். அப்போது அவருக்கு 21 வயது. அணியில் அதிகப் புள்ளி அவருடையதுதான் (ஆட்டக்காரரின் புள்ளி என்பது அடித்த கோலும் பிறர் கோலுக்குச் செய்த உதவியும் சேர்ந்தது). ஆனால் அடித்த கோல்கள் 16 மட்டுமே. அவர் வேகமெடுத்து, எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டைக் கடக்கும்போது எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் பின்வாங்குவதை நேரில் பார்த்தால், இவர் தோற்பதற்காகப் பிறந்தவர் இல்லை என்பது தெரியும். சுற்றிலும் இருந்த அணிதான் அவருக்கு ஈடுகொடுக்கவில்லை.

அந்தப் பள்ளம் எப்படி வெட்டப்பட்டது என்பதற்கு 2013க்குப் போக வேண்டும்.

2012-13 பருவம் தொழிலாளர் தகராறால் 48 ஆட்டங்களாகச் சுருங்கியது. அதில் கொலராடோ 30 அணிகளில் 29ஆவது. லாட்டரி அதிர்ஷ்டம் அடித்து, டிராஃப்டின் முதல் தேர்வாக மெக்கின்னன் கிடைத்தார். அந்தக் கோடையில் அணியின் பொறுப்பை ஏற்றவர் ஜோ சாக்கிக். 1996இலும் 2001இலும் இதே அணி கோப்பை வென்றபோது கேப்டனாக இருந்தவர். டென்வரில் அவரைத் தாழ்த்திப் பேசும் ஆளை நான் பார்த்ததில்லை. பயிற்சியாளராக அவர் கூட்டிவந்தது பழைய தோழர் பாட்ரிக் ருவாவை, அந்த இரண்டு கோப்பைகளின் கோல்கீப்பரை. முதல் ஆட்டத்திலேயே எதிரணிப் பயிற்சியாளரோடு சண்டைக்குப் போய், நடுவிலிருந்த கண்ணாடித் தடுப்பையே ஆட்டிச் சாய்த்தார் ருவா. ஊர் சிலிர்த்துக்கொண்டது. அந்தப் பருவத்தில் 112 புள்ளி, சென்ட்ரல் பிரிவில் முதலிடம். ருவாவுக்குச் சிறந்த பயிற்சியாளர் விருது. 18 வயது மெக்கின்னனுக்குச் சிறந்த அறிமுக ஆட்டக்காரர் விருது.

ஆனால் ஆட்டங்களை உன்னிப்பாகப் பார்த்தவர்களுக்கு உள்ளே ஓர் உறுத்தல் இருந்தது. பல இரவுகளில் எதிரணிதான் அதிகமாக ஷாட் அடித்தது. பக், அதாவது ஆட்டத்தின் ரப்பர் வட்டு, பெரும்பாலும் கொலராடோவின் பாதியிலேயே சுழன்றது. காப்பாற்றியவர் கோல்கீப்பர் செம்யோன் வர்லாமோவ். 41 வெற்றிகள் அவர் பெயரில். சிறந்த கோல்கீப்பர் விருது வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். ஒரு கோல்கீப்பரின் வாழ்நாள் உச்சத்தின் மேல் நின்ற எழுச்சி அது. முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் ஏழாவது ஆட்டத்தின் ஓவர்டைமில் தோற்றார்கள்.

அப்போது வந்தது 2014 கோடை. என் கணக்கில் அடுத்த மூன்றாண்டுத் துன்பத்துக்கு வேர் அந்த ஜூலை மாதம்தான். அணி வளர்ந்து முடிந்துவிட்டது, இனி கோப்பைக்கு ஓரிரு அனுபவசாலிகள் சேர்ந்தால் போதும் என்று நிர்வாகம் நினைத்தது. தங்களே டிராஃப்டில் எடுத்து வளர்த்த சென்டர் ஆட்டக்காரர் பால் ஸ்டாஸ்ட்னியை செயின்ட் லூயிஸுக்குப் போக விட்டார்கள். 37 வயதான ஜரோம் இகின்லாவுக்கு மூன்றாண்டு ஒப்பந்தம், 1.6 கோடி டாலர். 34 வயது பிராட் ஸ்டூவர்ட்டை வாங்கி, அவர் இங்கே ஒரு பருவம் ஆடி முடிப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். 36 வயது டேனியல் பிரியேரும் வந்தார். இகின்லா மிகப் பெரிய ஆட்டக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவரது பெரிய ஆண்டுகள் கல்கரியில் கழிந்துவிட்டன. மெக்கின்னனுக்கும் கேப்டன் கேப்ரியல் லாண்டெஸ்கோகுக்கும் மாட் டுஷேனுக்கும் வயது இருபதைச் சுற்றி இருந்த நேரத்தில், அவர்களோடு சேர்ந்து வளரக்கூடியவர்களைத் தேடாமல், முடித்துக் கிளம்புகிறவர்களைத் தேடியதுதான் கோளாறு.

பிறகு நடந்தது சரிவு. 90 புள்ளி, 82 புள்ளி. நடுவில், 2015 டிராஃப்ட் நாளில், ரயன் ஓ'ரைலியைப் பஃபலோவுக்குக் கொடுத்தார்கள். 2016 ஆகஸ்டில், பயிற்சி முகாம் தொடங்க ஒரு மாதமே இருக்கும்போது, ருவா பதவி விலகினார். அணியைப் பாதிக்கும் முடிவுகளில் தனக்குப் போதிய குரல் இல்லை என்பதே அவர் சொன்ன காரணம். ஆகஸ்ட் மாதத்தில் பயிற்சியாளர் தேடுவது கல்யாணத்துக்கு முதல் நாள் சமையல்காரர் தேடுவதற்குச் சமம். கிடைத்தவர் ஜேரட் பெட்னார். என்எச்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர். சிறிய லீகுகளில் ஆடி, அங்கேயே பயிற்சியாளராகி, ஈசிஎச்எல் லீகின் கெல்லி கோப்பையையும், அந்த ஆண்டு ஜூனில்தான் ஏஎச்எல் லீகின் கால்டர் கோப்பையையும் வென்றிருந்தார். உதவியாளர்களையும் முகாமையும் சரியாக அமைத்துக்கொள்ள அவகாசமில்லாமல் வந்து சேர்ந்த அவர் கையில் விழுந்த பருவம்தான் அந்த 48 புள்ளி. போதாக்குறைக்கு, தடுப்பாட்டத்தின் தூணான எரிக் ஜான்சன் டிசம்பரில் கால் எலும்பு முறிந்து விழுந்தார். வர்லாமோவ் இடுப்பு அறுவைசிகிச்சைக்குப் போனார்.

அவ்வளவு தோற்றதற்குக் கூலியாக டிராஃப்டின் முதல் இடமாவது கிடைக்கும் என்று ஊர் எதிர்பார்த்தது. 2017 ஏப்ரல் 29 அன்று லாட்டரி. கடைசி அணிக்கு முதல் தேர்வு கிடைக்க 18 சதவீத வாய்ப்பு. எவ்வளவு துரதிர்ஷ்டம் வந்தாலும் நான்காம் இடத்துக்குக் கீழே தள்ள முடியாது என்பது விதி. நான்காம் இடம்தான் வந்தது. நியூ ஜெர்சி, பிலடெல்பியா, டாலஸ் மூன்றும் தாண்டிப் போய்விட்டன. அன்று இரவு என் அலுவலக நண்பர்கள் எல்லோரும் இழவு வீட்டுக் குரலில் பேசிக்கொண்டார்கள். ஜூனில், அந்த நான்காம் இடத்தில், கல்கரியிலிருந்து வந்த 18 வயதுத் தடுப்பாட்டக்காரன் ஒருவனை எடுத்தார்கள். முக்கிய ஜூனியர் லீகுகளில் ஆடாமல் ஆல்பர்ட்டா மாகாண ஜூனியர் லீகில் புரூக்ஸ் என்ற சிறு ஊருக்கு ஆடியவன். பெயர் கேல் மக்கார்.

2017 கோடையைப் பற்றி யாராவது கேட்டால், நடந்ததைவிட நடக்காததைத்தான் நான் முதலில் சொல்வேன். பெட்னாரை நீக்கவில்லை. 48 புள்ளி எடுத்த பயிற்சியாளரை நீக்கினால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்; பத்திரிகைகள் அதற்குத் தயாராகவே இருந்தன. லாண்டெஸ்கோகை விற்றுவிடுவார்கள் என்ற பேச்சு குளிர்காலம் முழுக்க ஓடியது, விற்கவில்லை. டுஷேன் வேறு அணிக்குப் போக விரும்பினார், அது எல்லோருக்கும் தெரியும். வீட்டை விற்றே ஆக வேண்டியவனிடம் விலை குறைத்துக் கேட்பது உலக வழக்கம். எல்லா அணிகளும் சாக்கிக்கிடம் அப்படித்தான் கேட்டன. அவர் இறங்கவில்லை. பிப்ரவரி போனது, ஜூன் டிராஃப்ட் போனது, செப்டம்பர் முகாமும் தொடங்கிவிட்டது. டுஷேன் வாடிய முகத்தோடு முகாமுக்கு வந்து, கடமையைச் செய்தார். அந்த நாட்களில் சாக்கிக்கைத் திட்டாத விளையாட்டு வானொலி நிகழ்ச்சி டென்வரில் இல்லை.

செய்தவை சின்னச் சின்ன வேலைகள். கோல்கீப்பர் ஜோனாதன் பெர்னியேவுக்கு ஓராண்டு ஒப்பந்தம். நாஷ்விலிலிருந்து காலின் வில்சன். ஹார்வர்டில் படித்து முடித்த அலெக்ஸாண்டர் கெர்ஃபூட், தன்னைத் தேர்ந்தெடுத்திருந்த நியூ ஜெர்சியை விட்டு இங்கே வந்தார். இகின்லா மார்ச்சிலேயே கிளம்பியிருந்தார். 37 வயது பிரான்சுவா போஷமினின் ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முறித்தார்கள். 2014இல் செய்த அதே வகைக் காரியத்தை அதே மனிதர் ஒவ்வொன்றாகக் கலைத்துக்கொண்டிருந்தார். சாக்கிக் மேல் எனக்கு மதிப்பு பிறந்தது கோப்பை வென்றபோது அல்ல, அந்தக் கோடையில்தான்.

அதே செப்டம்பரில் இந்திய ஹாக்கி நிர்வாகம் ஆண்கள் அணியின் பயிற்சியாளர் ரோலன்ட் ஓல்ட்மன்ஸை நீக்கியது. அடுத்து வந்த ஷோர்ட் மரைன் 2018 மே மாதத்தில் ஆண்கள் அணியிலிருந்து மாற்றப்பட்டார்; அவருக்கடுத்த ஹரேந்திர சிங்கும் 2019 ஜனவரியில் போனார். நான் அப்போது கோயம்புத்தூருக்குத் திரும்பியிருந்தேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "உன் அணி அந்தப் பயிற்சியாளரை வைத்துக்கொண்டதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நம்மவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லையே" என்றார். வாழ்நாள் முழுவதும் ஆட்டம் பார்த்த மனிதரின் வருத்தம் அது. அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

ஊருக்குத் திரும்பியதால் எழுச்சிப் பருவத்தை நான் காலை வேளைகளில்தான் பார்த்தேன். டென்வரில் இரவு ஏழு மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே மறுநாள் காலை ஏழரை. காபியோடு முதல் பகுதி, குளித்துவிட்டு வந்து இரண்டாம் பகுதி, மூன்றாவதைப் பெரும்பாலும் பஸ்ஸில் கைபேசியில்.

நவம்பர் 5 அன்று புரூக்ளினில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே டுஷேனைக் களத்திலிருந்து உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். முதல் பகுதிகூட முடியவில்லை. ஒட்டாவா, நாஷ்வில் இரண்டையும் சேர்த்த மும்முனை ஒப்பந்தம் முடிந்துவிட்டது. எட்டு ஆண்டு ஆடிய அணியிலிருந்து ஒருவர் பாதி ஆட்டத்தில் எழுந்து போவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. சில நாட்களிலேயே, ஏற்கெனவே திட்டமிட்டிருந்தபடி, கொலராடோவும் ஒட்டாவாவும் ஸ்டாக்ஹோமில் இரண்டு ஆட்டங்கள் ஆடின. டுஷேன் எதிரணிச் சட்டையில். இரண்டையும் ஒட்டாவாதான் வென்றது.

ஆனால் சாக்கிக் காத்திருந்து வாங்கிய விலையைப் பாருங்கள். 19 வயது சாமுவேல் ஜிரார்ட். விளாடிஸ்லாவ் காமெனெவ், ஷேன் பவர்ஸ் என்று இரண்டு இளைஞர்கள். ஒட்டாவாவின் முதல் சுற்றுத் தேர்வு, அதாவது வரும் டிராஃப்ட் ஒன்றில் அவர்கள் முறையில் ஆளெடுக்கும் உரிமை. இன்னும் இரண்டு டிராஃப்ட் தேர்வுகள். சம்பளக் கணக்கைச் சரிக்கட்டுவதற்காக ஒட்டாவா சேர்த்து அனுப்பிய ஆண்ட்ரூ ஹாமண்ட் என்ற கோல்கீப்பர். கோடையிலேயே விற்றிருந்தால் இதில் பாதி வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டுஷேன் போன பிறகு அணி முழுக்க மெக்கின்னனின் வேகத்துக்கு மாறியது. ஒரு பக்கம் லாண்டெஸ்கோக், மறுபக்கம் 21 வயது மிக்கோ ரான்டனென், நடுவில் மெக்கின்னன். லாண்டெஸ்கோக் பலகையோரம் பக்கைப் பிடுங்கித் தருவார். ரான்டனெனின் நீண்ட கைகள் அதை எதிராளிக்கு எட்டாமல் வைத்திருக்கும். மெக்கின்னன் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருப்பார். அந்தப் பருவத்தில் மெக்கின்னன் 74 ஆட்டங்களில் 39 கோல், மொத்தம் 97 புள்ளி. லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை நூலிழையில் டெய்லர் ஹாலிடம் இழந்தார். ரான்டனெனுக்கு 84 புள்ளி. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை தொடர்ந்து பத்து வெற்றிகள். அலுவலகத்தில் யாருக்கும் இந்த ஆட்டம் தெரியாது. நானாகவே போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த அணியின் பலம் பழைய 2013-14 அணியின் பலத்தைப் போன்றதல்ல என்பது பார்க்கும்போதே புரிந்தது. இம்முறை வெற்றியைச் சுமந்தவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்கள், பெரும்பாலும் பல ஆண்டு ஒப்பந்தங்களோடு. மெக்கின்னனின் ஏழாண்டு ஒப்பந்தம் 2016இல் எழுதப்பட்டது, ஆண்டுக்கு 63 லட்சம் டாலர். 97 புள்ளி எடுக்கிறவருக்கு அது மிக மலிவு. உச்சவரம்பு உள்ள லீகில் இப்படி ஓர் ஒப்பந்தம் இன்னொரு நல்ல ஆட்டக்காரரை வாங்கித் தரும்.

இருந்தாலும் கடைசி நாள் வரை இழுத்துக்கொண்டே போனது. 2018 ஏப்ரல் 7, 82ஆவது ஆட்டம், சொந்த அரங்கில் செயின்ட் லூயிஸ். அவர்களுக்கு 94 புள்ளி, கொலராடோவுக்கு 93. யார் பிளே-ஆஃபுக்கு, யார் வீட்டுக்கு என்பதை அந்த ஓர் ஆட்டம்தான் தீர்மானிக்க வேண்டும். வர்லாமோவும் எரிக் ஜான்சனும் காயத்தால் வெளியே. ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்த பெர்னியே கோலைக் காத்தார். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, பக் எங்கே போகிறது என்று கண்ணுக்கே தெரியவில்லையே என்று குறைபட்டுக்கொண்டே முழு ஆட்டத்தையும் பார்த்தார். 5-2. ஓராண்டில் 48 புள்ளியிலிருந்து 95.

முதல் சுற்றில் எதிரே நாஷ்வில், 117 புள்ளியோடு லீகிலேயே முதலிடம். ஆறு ஆட்டங்களில் தோற்றார்கள். ஆனால் ஐந்தாவது ஆட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. பெர்னியேவும் காயம்பட்டுவிட, டுஷேன் ஒப்பந்தத்தில் கணக்குக்காக வந்த அந்த ஹாமண்ட் நாஷ்விலின் அரங்கில் கோலில் நின்றார். 44 ஷாட்களைத் தடுத்தார். மூன்றாம் பகுதியின் கடைசி நிமிடங்களில் லாண்டெஸ்கோகும் ஸ்வென் ஆண்ட்ரிகெட்டோவும் கோல் அடிக்க, 2-1.

இப்போது 2018 கோடை. எனக்கு இந்தக் கதையின் மையம் இதுதான். மேலிருந்து பார்த்தால் 2014 ஜூலையின் அதே காட்சி: அடிமட்டத்திலிருந்து எழுந்த அணி, மகிழ்ந்து போன ஊர், பயிற்சியாளர் விருதின் இறுதிப் பட்டியலில் பெட்னார், உச்சவரம்புக்குக் கீழே தாராளமான இடம். பெரிய பெயர்களை வாங்குங்கள் என்று ரசிகர்கள் கேட்டார்கள். சாக்கிக் வாங்கவில்லை. நடுத்தர விலையில் ஐயன் கோல், மேட் கால்வர்ட் இருவருக்கும் மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுத்தார். நாஷ்விலிடம் தோற்றபோது எது குறைந்ததோ, அந்த முரட்டு வேலையைச் செய்கிறவர்கள். அடுத்த ஆண்டு ரான்டனெனுக்குப் பெரிய ஒப்பந்தம் எழுத வேண்டி வரும் என்பது தெரிந்ததால் மிச்சப் பணத்தைத் தொடவில்லை.

ஒரே ஒரு கூர்மையான காரியம் செய்தார். கோப்பையைச் சற்று முன்புதான் வென்றிருந்த வாஷிங்டனுக்கு ஜான் கார்ல்சனோடு ஒப்பந்தம் எழுதப் பண இடம் தேவைப்பட்டது. அவர்களிடம் வயதான புரூக்ஸ் ஆர்பிக்கின் சம்பளம் சுமையாக இருந்தது. சாக்கிக் அந்தச் சுமையைத் தான் ஏற்றுக்கொண்டு, இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றைக் கொடுத்து, கோல்கீப்பர் ஃபிலிப் குருபவரை வாங்கினார். மறுநாளே ஆர்பிக்கின் ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்துவிட்டார். வர்லாமோவுக்கு ஒப்பந்தத்தில் ஓராண்டு மிச்சம் இருக்கும்போதே அடுத்த கோல்கீப்பர் வந்துவிட்டார். 2014இல் ஒரே கோல்கீப்பரின் உச்சத்தை நம்பி வீடு கட்டியவரின் வேலை இது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மக்கார் இன்னும் ஓராண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்திலேயே ஆட விரும்பினார். அவசரப்படுத்தாமல் விட்டார்கள்.

அடுத்த பருவம் 95இலிருந்து 90ஆக இறங்கியது. பதறியிருக்க வேண்டிய நேரம் அது. பதறவில்லை. 2019 ஏப்ரலில் மக்கார் கல்லூரி ஹாக்கியின் உயரிய விருதை வாங்கி, இறுதியாட்டத்தில் தோற்று, இரண்டே நாளில் டென்வருக்கு வந்து, கல்கரிக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டத்தில் முதல் முறை களமிறங்கி, கோலும் அடித்தார். சொந்த ஊர் அணிக்கு எதிராக. மேற்குப் பகுதியில் முதலிடம் பிடித்த அந்தக் கல்கரியை ஐந்தே ஆட்டங்களில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒட்டாவா அதே ஆண்டு லீகிலேயே கடைசி. டுஷேன் ஒப்பந்தத்தில் வந்த தேர்வு மறுபடியும் நான்காம் இடமாக விழுந்தது. அதில் வந்தவர் போவன் பைரம்.

2019 கோடையில்தான் பெரிய பரிமாற்றங்களுக்குக் கை நீண்டது: நசீம் காத்ரி, ஆந்த்ரே புரகோவ்ஸ்கி. முந்தைய பருவத்தில் டாலஸுக்காக 57 ஆட்டங்களில் ஒரு கோலும் அடிக்காமல், அங்கிருந்து விடுவிக்கப்பட்ட வலேரி நிச்சுஷ்கினுக்கும் ஓர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். 2020இல் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளுக்கு டெவன் டேவ்ஸ். தொடர்ந்து மூன்று ஆண்டு இரண்டாம் சுற்றில் தோற்றபோதும் பெட்னாரை மாற்றவில்லை. 2022 ஜூன் 26 அன்று டாம்பாவில் கோப்பையை வென்றார்கள். இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தை ஓவர்டைமில் முடித்தவர் புரகோவ்ஸ்கி, நான்காவதை முடித்தவர் காத்ரி, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் மக்கார். கெல்லி, கால்டர், ஸ்டான்லி மூன்றையும் வென்ற முதல் பயிற்சியாளர் ஆனார் பெட்னார். லாண்டெஸ்கோக் கோப்பையை வாங்கியதும் முதலில் நீட்டியது எரிக் ஜான்சனிடம். அந்த 48 புள்ளிக் குளிர்காலத்தை முழுக்கத் தெரிந்தவர்கள் அங்கே மிகச் சிலரே இருந்தார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ரான்டனென். 2025 ஜனவரி 24 அன்று அவரைக் கரோலினாவுக்கு மாற்றினார்கள். அந்தக் கோடையில் ஒப்பந்தம் முடியவிருந்தது, கேட்ட தொகை பெரிது, சும்மா போக விடுவதைவிட இப்போதே விலை வாங்குவது மேல் என்று பொது மேலாளர் கிறிஸ் மெக்ஃபார்லண்ட் முடிவெடுத்தார். சாக்கிக் அப்போது அவருக்கு மேலே தலைவர் பொறுப்பில். பதிலுக்கு வந்த மார்ட்டின் நேச்சஸ் நல்ல ஆட்டக்காரர்; அவர் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. மார்ச்சில் ரான்டனென் டாலஸுக்குப் போய் எட்டாண்டு ஒப்பந்தம் எழுதினார். மே மாதம், முதல் சுற்றின் ஏழாவது ஆட்டம், கொலராடோ எதிர் டாலஸ். மூன்றாம் பகுதியில் 2-0 என்று கொலராடோ முன்னால். அதே பகுதியில் ரான்டனென் மூன்று கோல் அடித்தார். 4-2. மூன்றாண்டு முழங்கால் காயத்திலிருந்து மீண்டு அந்தத் தொடரில்தான் லாண்டெஸ்கோக் திரும்பியிருந்தார். மெக்கின்னன், ரான்டனென், லாண்டெஸ்கோக் மூவரும் மறுபடி ஒரே பனித்தரையில், ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம்.

அந்த முடிவை நான் ஏற்கவில்லை. டுஷேன் போக விரும்பினார், அவரைக் காத்திருந்து நல்ல விலைக்குக் கொடுத்தது வேறு. ரான்டனென் இந்த அணியோடு வளர்ந்தவர், அந்த மூவர் வரிசையின் ஒரு பாதி வேகம் அவர் கைகளில் இருந்தது. கோடை வரை பேசிப் பார்த்திருக்கலாம். ஜூலையில் கையைவிட்டுப் போய்விடுவார் என்ற அச்சம் நியாயமானதுதான், ஆனால் 2017இல் இதே அலுவலகம் இதைவிடப் பெரிய அச்சத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மக்காரின் ஒப்பந்தம் 2026-27 பருவத்தோடு முடிகிறது. ஆண்டுக்கு 90 லட்சம் டாலர் வாங்குகிறவர் இனி அதைவிட எவ்வளவோ அதிகம் கேட்கலாம், கேட்கட்டும். அந்தத் தொகையைக் கொடுப்பதற்காக வேறு யாரை விட வேண்டியிருந்தாலும் விடட்டும். அவரைப் பற்றி ஒரு ஜனவரி மாதத்தில் அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது.